வெயிலில் உரியும் பெயிண்ட்: பழைய பிக்கப்பின் மேற்பூச்சைச் சீர்செய்தல்

பழைய பிக்கப்பில் பெயிண்ட் முதலில் கெடுவது கேபின் கூரையிலும் பேனட்டிலும்தான். பத்து ஆண்டு கடந்தும் கதவுகள் ஓரளவு பளபளப்போடு இருக்கும். கூரையும் பேனட்டும் வெளுத்து, திட்டுத்திட்டாக உரிந்து, அடியிலிருக்கும் சாம்பல் நிறப் பிரைமரைக் காட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டின் மேல் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட் பிற்பாதியை ஒட்டி ஒரு முறை. மற்ற மாதங்களிலும் நண்பகல் வெயில் அதிகம் சரிவதில்லை. படுக்கையாகக் கிடக்கும் தகடு அந்த வெயிலை முழுதாக வாங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் கதவுக்குச் சாய்வாக ஒரு பங்குதான் கிடைக்கிறது. போதாததற்கு, காரைப் போல பிக்கப் ஷெட்டுக்குள் நிற்பதில்லை. காய்கறி மண்டி வாசலிலும் செங்கல் சூளையிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் நாள் முழுக்கக் காய்கிறது.

இந்த வண்டிகளுக்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்டும் முன் அவசரமாக ஒரு கோட் அடிப்பது. உரிந்த இடத்தை மேலோட்டமாகத் தேய்த்து, அதன் மேலேயே வெள்ளை அடித்தால் வண்டி அன்றைக்குப் புதுசாகத் தெரியும். அடுத்த கோடை முடிவதற்குள் அதே இடம் இன்னும் பெரிதாக உரியும். புதுப் பூச்சு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், அடியில் இருக்கும் பூச்சு விட்டுப்போனால் அதுவும் சேர்ந்துதான் வரும். ஆகவே எந்த அடுக்கு கைவிட்டது என்று கண்டுபிடித்து, கெட்டதை முழுதாக எடுத்து, கெடாததை விட்டுவைப்பதுதான் வேலை. பெயிண்ட் அடிப்பது அதன் கடைசிச் சிறு பகுதி.

தகட்டின் மேல் என்ன இருக்கிறது

தொழிற்சாலையில் தகட்டைக் கழுவி, அதன் மேல் பாஸ்பேட் படலம் ஏற்றுகிறார்கள். பிறகு முழுக் கூட்டையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, ஏறக்குறைய 20 மைக்ரான் தடிமனுக்கு இ-கோட் எனப்படும் துருத்தடுப்புப் பூச்சை ஏற்றி, சூளையில் சுடுகிறார்கள். அதன் மேல் 30 முதல் 40 மைக்ரான் வரை சர்ஃபேசர் என்ற பிரைமர். அதற்கும் மேலே வண்ணம். வெள்ளை போன்ற தனி நிறங்களில் வண்ணமும் பளபளப்பும் ஒரே பூச்சிலேயே அடங்கிவிடுவது உண்டு. மெட்டாலிக் நிறங்களில் மெல்லிய வண்ணப் பூச்சும் அதைக் காக்க 40, 50 மைக்ரான் கிளியர் கோட்டும் தனித்தனியாக இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். வெயிலோடு பத்து, பதினைந்து ஆண்டு மல்லுக்கட்டுவது இவ்வளவுதான்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பெயிண்டின் பிசினை மூலக்கூறு மூலக்கூறாக அறுக்கிறது. அதைத் தடுக்கத்தான் கிளியர் கோட்டில் கதிர் உறிஞ்சும் வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது; ஆண்டுகள் போகப்போக அதுவும் தீர்ந்துவிடுகிறது. ஒரே பூச்சாக இருக்கும் வெள்ளையில் மேற்பரப்பின் பிசின் அரிக்கப்பட்டு, நிறமி மட்டும் பொடியாக நிற்கும். கைபட்டால் சுண்ணாம்பு போல ஒட்டுவது இதுதான். கிளியர் கோட் உள்ள வண்டியில் கேடு வேறு விதமாக வரும். பகலில் கை வைக்க முடியாத சூடு, திடீர் மழையில் குளிர்ச்சி என்று மாறி மாறி விரிந்து சுருங்கும் அந்தப் படலம் இறுகி, நுண்ணிய வெடிப்பு விட்டு, வண்ணத்திலிருந்து கழன்றுகொள்ளும்.

நடுவில் ஓர் அடுக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய சாட்சி உண்டு. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்களின் பல வாகனங்களில், பிக்கப்கள் உட்பட, சர்ஃபேசர் இல்லாமல் இ-கோட்டின் மேல் நேராக வண்ணம் அடிக்கப்பட்டது. இ-கோட் துருவைத் தடுக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்காது. வண்ணத்தை ஊடுருவிப் போன கதிர் அதன் மேற்பரப்பைப் பொடியாக்கியதும், மேலிருந்த வண்ணம் முழுவதும் பெரும் ஏடுகளாகப் பெயர்ந்து வந்தது. வழக்குகள் நடந்தன. இங்கே சிறு பட்டறைகளில் செலவைக் குறைக்கப் பிரைமரை விட்டுவிட்டு அடிக்கும் வேலையிலும் நடப்பது இதேதான்.

எந்த அடுக்கு விட்டது

முதலில் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். தூசியும் எண்ணெயும் படிந்த தகட்டைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

உரிந்துகொண்டிருக்கும் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரு செதிலைப் பெயர்த்து, அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பதுதான் எல்லாச் சோதனையிலும் பயனுள்ளது. செதில் நிறமில்லாமல், வெங்காயச் சருகு போல ஒளி ஊடுருவுவதாக இருந்து, அடியில் வண்ணம் அப்படியே தெரிந்தால் கிளியர் கோட் மட்டுமே போயிருக்கிறது. செதிலில் வண்ணம் இருந்து அடியில் சாம்பல் தெரிந்தால், வண்ணத்துக்கும் பிரைமருக்கும் இடையே பிடிமானம் அற்றுவிட்டது. செதிலின் முதுகில் பிரைமரும் ஒட்டிவந்து, அடியில் வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்தால், அந்த இடம் முன்பே ஒருமுறை இரும்பு வரை தேய்க்கப்பட்டுச் சரியாகத் தயார் செய்யாமல் அடிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். முதுகில் பழுப்புத் துருப்பொடி இருந்தால் குற்றவாளி வெயில் அல்ல. எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே போகிறது. கூரையின் ஓரக் கால்வாயில் உள்ள மூட்டையும் கண்ணாடி ரப்பரின் அடியையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, உரியாமல் இருக்கும் பகுதியை நம்பலாமா என்ற கேள்வி. உரிந்த விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, நல்லதாகத் தெரியும் இடத்தில், புது பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு கோடுகளை இரும்பு வரை கீறி, அதன் மேல் நல்ல ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுக்க வேண்டும். கட்டங்கள் நாடாவோடு வந்துவிட்டால் அந்தத் தகட்டில் உள்ள எதையும் விட்டுவைக்கக் கூடாது. கண்ணுக்கு நன்றாக இருக்கிறதே என்று விடும் பகுதிதான் ஆறு மாதத்தில் புதுப் பெயிண்டையும் சேர்த்துத் தள்ளும். கட்டங்கள் அசையாமல் நின்றால் உரிந்த இடத்தையும் அதன் ஓரத்தையும் மட்டும் எடுத்தால் போதும்.

பல கை மாறிய வண்டிக்கு இன்னும் இரண்டு சோதனை தேவை. ஒன்று, 320 எண் வாட்டர் பேப்பரால் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே போவது. மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அல்லாமல் ஒழுங்கற்ற வளையங்களாக ஒவ்வொரு பூச்சும் தெரியவரும்: வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை, செங்காவி, மறுபடி சாம்பல். எத்தனை முறை அடிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிவிடலாம். மூன்று, நான்கு முறை அடித்த தகட்டின் மேல் மறுபடி அடிப்பது வீண்; தடித்த பூச்சு வெயிலில் தானாகவே வெடிக்கும். மற்றொன்று, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஓரிரு நிமிடம் வைத்து எடுப்பது. நிறம் கரைந்து துணியில் ஏறினால் அடியில் இருப்பது என்.சி. பெயிண்ட். தோல் சுருங்கிப் பொங்கினால் சிந்தடிக் எனாமல். எதுவும் நடக்காவிட்டால் தொழிற்சாலைப் பூச்சு அல்லது ஹார்டனர் கலந்து அடித்த பி.யு. (பாலியூரித்தேன்). இதைத் தெரிந்துகொள்ளாமல் என்.சி.யின் மேலோ எனாமலின் மேலோ பி.யு. அடித்தால், அதன் வீரியமான தின்னர் அடிப்பூச்சை இளக்கி, அடித்த பத்தாவது நிமிடமே மேற்பரப்பைச் சுருட்டிவிடலாம்.

காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் நல்லது. அது பிடிக்காத இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டி தடிமனாகப் போடப்பட்டிருக்கிறது.

பாலிஷ் போதுமான வண்டி

வெறுமனே வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருக்கும் ஒரே பூச்சு வெள்ளைக்குப் பெயிண்டே வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றியதும் நிறம் பழையபடி ஆழமாகித் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் அடியில் உயிர் இருக்கிறது என்று பொருள். 2000 எண் பேப்பரால் தண்ணீரில் மெல்லத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, பிறகு பாலிஷும் மெழுகும் போட்டால் நிறம் திரும்பிவிடும். துணியில் வெள்ளை ஏறுவது இயல்பு. செத்த பெயிண்ட்தான் அது. விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மிக மெல்லியது என்பதால், மெஷின் போடும் முன் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். சிவப்பு வண்டி ரோஸ் நிறத்துக்குப் போயிருந்தால் நிறமியே வெளுத்திருக்கலாம். எவ்வளவு தேய்த்தாலும் பழைய சிவப்பு முழுதாகத் திரும்பாது.

கிளியர் கோட் உரியத் தொடங்கிய வண்டிக்கு இந்த வழி கிடையாது. எந்தப் பாலிஷும் எந்தக் கோட்டிங்கும் கழன்ற படலத்தை மறுபடி ஒட்டவைக்காது. உரிந்த இடத்தில் மட்டும் ஸ்பிரே டப்பாவால் கிளியர் அடிப்பதும் பலன் தராது. பழைய விளிம்பின் அடியில் காற்று இருக்கிறது, புதுக் கிளியர் அதன் மேல் உட்கார்ந்து அதோடு சேர்ந்து எழும்பும்.

ஓட்டுநர்கள் பலர் வண்டியைப் பளபளப்பாக்க டீசல் துணியால் துடைப்பார்கள். பளபளப்பு ஒரு நாள் நிற்கும். பிறகு அந்தப் பிசுக்கு தூசியைப் பிடித்துவைக்கும். டீசலும் சிலிக்கான் கலந்த டயர் பாலிஷும் தங்கிய தகட்டில் பெயிண்ட் அடித்தால், பூச்சு ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிக் குழியாக நிற்கும். அப்படிப்பட்ட வண்டியைத் தேய்க்கும் முன்பே எண்ணெய் போக்கும் கரைப்பானால் இரண்டு முறை துடைக்க வேண்டும். துடைக்க ஒரு துணி, ஈரம் காய்வதற்குள் எடுக்க வேறொரு துணி. தேய்த்த பிறகு துடைத்தால் எண்ணெய் அதற்குள் கீறல்களில் இறங்கியிருக்கும்.

உரிப்பதும் ஓரம் தேய்ப்பதும்

தளர்ந்த பெயிண்டை முதலில் பிளேடு சுரண்டியால் தள்ளி எடுக்க வேண்டும். சுரண்டி வழுக்கிக்கொண்டு போகும் வரை போகலாம். அது தடைபட்டு நிற்கும் இடத்தில்தான் பிடிமானம் தொடங்குகிறது. கம்ப்ரஸர் காற்றை விளிம்பின் அடியில் சாய்வாகப் பாய்ச்சினால், பிடித்திருப்பது போல் நடிக்கும் பகுதியும் பறந்துவிடும்.

முழுத் தகட்டையும் உரிக்க வேண்டியிருந்தால் 80 அல்லது 120 எண் வட்டப் பேப்பர் போட்ட சாண்டர் மெஷின் போதும். பெயிண்ட் ரிமூவர் பூசுவது வேகமான வழிதான். ஆனால் அதன் ஆவி கடுமையானது. மூடிய ஷெட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது. மூட்டுகளுக்குள் புகுந்த ரிமூவரைக் கழுவி எடுப்பது கடினம், அது பிறகு புதுப் பெயிண்டை உள்ளிருந்து பொங்கவைக்கும். கூரையின் ஓரக் கால்வாய் போன்ற இடங்களில் கையால் தேய்ப்பதே நல்லது. ஆங்கிள் கிரைண்டர் கல்லால் உரிப்பதைத் தவிர்க்க வேண்டும்: மெல்லிய கூரைத் தகடு சூட்டில் நெளிந்தால் அதை நேராக்கும் செலவு பெயிண்ட் செலவைத் தாண்டும்.

ஒரு பகுதியை மட்டும் உரித்திருந்தால், இரும்புக்கும் பழைய பெயிண்டுக்கும் இடையே ஒரு படி நிற்கும். அதை அப்படியே விட்டு அடித்தால் அந்தக் கோடு மேற்பூச்சிலும் தெரியும். 180இல் தொடங்கி 320க்கு மாறி, கட்டையில் சுற்றிய பேப்பரால், ஒவ்வொரு அடுக்கும் ஒரு விரல் அகலமாவது சரிவாக விரியும்படி தேய்க்க வேண்டும். இதில் கண்ணை நம்புவதைவிடக் கையை நம்பலாம். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தகட்டின் மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, இரும்பிலிருந்து பெயிண்டுக்கும் பெயிண்டிலிருந்து இரும்புக்குமாக நகர்த்தினால், வெறும் கைக்குத் தெரியாத மேடும் தெரியும். பழகிய பெயிண்டர் இந்த நேரத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கை மட்டும் தகட்டில் போய் வந்துகொண்டிருக்கும். கை எதையும் உணராமல் வழுக்கிச் செல்லும் வரை இந்த வேலை முடியவில்லை.

தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஓரம் ஒழுங்கான சரிவாக அமையாமல், துணுக்குத் துணுக்காக உடைந்து பின்வாங்கிக்கொண்டே போனால், அந்தத் தகடு முழுவதும் பிடிமானம் இழந்ததுதான். அங்கே போராடாமல் முழுதாக உரித்துவிட வேண்டும்.

பழைய பெயிண்டில், முக்கியமாகப் பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் வாரி எடுப்பதும், வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளை விடாமல் இருப்பதும் அவசியம்.

துரு

வெறும் இரும்பு தெரிந்த தகட்டை அன்றைக்கே பிரைமர் போட்டு மூடிவிட வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மாலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது. உப்பளத்துக்கும் மீன் ஏற்றவும் ஓடிய வண்டியை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவிய பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் உப்பு பூச்சின் அடியில் ஈரத்தை இழுத்துச் சிறு கொப்புளங்களை எழுப்பும்.

மேலோட்டமான துருவை 80 எண் பேப்பரால் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை எடுக்க வேண்டும். குழிகளுக்குள் கருப்பாகத் தங்குவதற்கு மட்டும் ரஸ்ட் கன்வர்டர் தடவலாம். கொப்புளித்த இடத்தை ஸ்குரு டிரைவரால் குத்திப் பார்த்து, உள்ளே போய்விட்டால் அது பெயிண்டர் வேலை அல்ல. டிங்கர் தகட்டை வெட்டி மாற்ற வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி வைத்து மூடினால், பின்புறம் வழியே ஈரம் வந்து ஒரே மழைக்காலத்தில் கழன்று விழும்.

கேபினுக்குப் பின்னால் தார்ப்பாய்க் கயிறு உரசும் மூலைகளில் பெயிண்ட் வெயிலால் அல்லாமல் தேய்மானத்தால் போயிருக்கும். அங்கே எவ்வளவு நல்ல பூச்சும் நிற்காது. பழைய டியூப் ரப்பரை அந்த மூலையில் மடித்துக் கட்டுவதே நிரந்தர வழி.

சரக்கு ஏற்றும் பின்பாடிக்குக் கேபினுக்கு உரிய செலவைச் செய்வது தேவையற்றது. கல்லும் இரும்புக் கம்பியும் இழுபடும் தளத்தில் பி.யு. பளபளப்பு ஒரு வாரம்கூட இருக்காது. நன்றாகச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பிரைமர் பூசி, சிந்தடிக் எனாமலை பிரஷ்ஷால் இரண்டு கை அடித்து, ஆண்டுக்கு ஒருமுறை தொட்டுக்கொண்டே வரலாம். ரெட் ஆக்ஸைடை மட்டும் அடித்துவிட்டு ஓட்டுவது தவறு. அது தண்ணீரை முழுதாகத் தடுக்காது, மேலே எனாமல் ஏறினால்தான் காக்கும்.

பிரைமரும் பட்டியும்

வெறும் இரும்பின் மேல் முதலில் போக வேண்டியது எபாக்ஸி பிரைமர். தண்ணீரைத் தடுப்பதிலும் பிடிப்பதிலும் அதற்கு இணையானது குறைவு. பள்ளம் நிரப்ப ஹார்டனர் கலந்த பாலியஸ்டர் பட்டியைப் பயன்படுத்த வேண்டும். கலக்காமல் அப்படியே தடவும் என்.சி. பட்டி விலை குறைவு. ஊசிக் குழிகளை மூடுவதற்கு மட்டும் அது ஏற்றது. தடிமனாகப் போட்டால் காயக் காயச் சுருங்கி, சில மாதத்தில் வெயிலில் வெடித்துக் கோடு விடும். அமிலம் கலந்த வாஷ் பிரைமர் அடித்திருந்தால் அதன் மேல் நேராகப் பாலியஸ்டர் பட்டி வைக்கக் கூடாது, பட்டி அடியில் சரியாக இறுகாது.

அதன் மேல் சர்ஃபேசர் இரண்டு கோட். காய்ந்தபின் மேலே கருப்புப் பெயிண்டைத் தூவல் போல லேசாக அடித்து, 600 எண் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால், பள்ளமான இடங்களில் மட்டும் கருப்பு தங்கும். அது எங்கும் இல்லாமல் போகும் வரை தேய்த்தபின் தகடு வண்ணத்துக்குத் தயார்.

வண்ணம்

விலையைப் பார்த்து என்.சி. பெயிண்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். தின்னர் ஆவியானதும் காயும், அடிப்பது எளிது, தவறினால் தேய்த்து மறுபடி அடிக்கலாம். ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது ஏற்றதல்ல. ஓரிரு கோடையிலேயே மங்கும். உரித்து, தேய்த்து, பட்டி பார்த்த உழைப்பெல்லாம் அதற்கு அடியில் இருக்கும்போது, மேற்பூச்சில் மிச்சம் பிடிப்பது நஷ்டம். கூரைக்கும் பேனட்டுக்கும் ஹார்டனர் கலந்த பி.யு.தான் சரி. வெள்ளை வண்டிக்கு ஒரே பூச்சு பி.யு. போதும், மெட்டாலிக்கிற்கு வண்ணமும் கிளியரும்.

நிறக் குறியீடு பெரும்பாலும் கதவுத் தூணிலோ இன்ஜின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும். அதன்படி கலந்தாலும், பத்து ஆண்டு வெயில் பட்ட கதவோடு புதுக் கூரை அப்படியே ஒத்துப்போகாது. ஓர் அட்டையில் அடித்துக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் கதவின் மேல் வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். டியூப் லைட்டில் பொருந்திய வெள்ளை வெளியே மஞ்சளடிக்கும். ஒரு தகட்டின் நடுவில் பூச்சை நிறுத்தாமல் மூட்டுக் கோட்டிலேயே முடித்தால் சிறு வித்தியாசம் கண்ணில் படாது.

அடிக்கும் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி. அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சின் மேல் படிந்து பால் போல் வெளுக்கும்; பி.யு.வின் ஹார்டனரும் ஈரத்தோடு வினைபுரிந்து கெடும். ஆடிக் காற்றில் தூசி. கத்திரி வெயிலில் சூடேறிய தகட்டின் மேற்பரப்பு முதலில் காய்ந்து, அடியில் அடைபட்ட தின்னர் குமிழியாக வெடிக்கும். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை, பனி விலகிய பிறகு தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது நல்லது. தகடு நிழலில் இருந்து, கை வைத்தால் சூடு தெரியாமல் இருக்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடாமல் தொடங்கினால், அந்தத் தண்ணீர் பெயிண்டோடு சேர்ந்து தகட்டுக்கு வரும்.

பெயிண்ட், ஹார்டனர், தின்னர் விகிதத்தை டப்பாவில் உள்ளபடி அளவுக் குவளையால் அளக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் பூச்சு ஒட்டிக்கொண்டே இருக்கும் அல்லது உடையக்கூடியதாகும். வண்ணத்துக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனை. தகட்டிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஸ்பிரே துப்பாக்கியைப் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றாமல் கை முழுவதையும் இணையாக நகர்த்தி, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடும்படி போக வேண்டும். முதல் கோட் மெல்லியதாக இருக்கட்டும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. ஒரே கோட்டில் மூடிவிட நினைத்தால் கூரையின் வளைவில் பெயிண்ட் வழியும்.

மூச்சு

பி.யு. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பழுதாக்கும். ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா வரும்; அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். தீங்கு செய்யும் அளவுக்கு வந்த பிறகும் அதன் வாடை தெரியாமல் இருக்கலாம் என்பது இன்னும் ஆபத்து. முகத்தில் கட்டிய கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியே வரும் முகமூடிதான் முறையான காப்பு. அது இல்லாத சிறு பட்டறையிலும் வீட்டு வாசலிலும் பி.யு. அடிக்கக் கூடாது. பழைய பிக்கப் உரிமையாளருக்குச் சரியான பங்கீடு உண்டு: அதிகக் கூலி பிடிக்கும் உரித்தல், தேய்த்தல் வேலைகளைத் தானே செய்து, சர்ஃபேசர் முதல் கிளியர் வரை ஸ்பிரே பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவது. அங்கே 60 டிகிரி சூட்டில் பூச்சை இறுக்கியும் தருவார்கள்.

அடித்த பிறகு

காற்றில் காயும் பி.யு. மறுநாள் தொட்டால் காய்ந்தது போலிருக்கும். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை தார்ப்பாய் கட்டுவதும் ஷாம்பு போட்டுக் கழுவுவதும் கூடாது. மெழுகுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போடலாம். வேப்பமரத்தடி நிழல் நல்லதுதான். காக்கை எச்சத்தை மட்டும் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் துடைக்க வேண்டும்.

நிறத்தை மாற்ற எண்ணினால் அடிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. நிறமும் அந்த விவரங்களில் ஒன்று. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வருவதால், தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே பெயிண்ட் வேலையை முடித்தால், இறுகாத பூச்சின் மேல் எழுத்து எழுதும் அவசரம் இருக்காது. உரிமையாளர் பெயர், காலி எடை, ஏற்றிய எடை ஆகியவற்றை ஓவியர் எழுதிய பிறகு, முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிர்பட்டைகளைப் புதிதாக ஒட்ட வேண்டும். பழைய பட்டைகளைப் பெயிண்ட் அடிக்கும் முன்பே முழுதாகப் பிய்த்து, பசையையும் துடைத்திருக்க வேண்டும். அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிச் சுற்றி அடித்தால் அந்த விளிம்பில்தான் அடுத்த உரிதல் தொடங்கும்.